பட்டினி கிடந்த பாட்டரி

ஞாயிற்றுக்கிழமை காலை. என் கடை வாசலுக்கு ஒரு கறுப்புக் காரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். தள்ளியவர்கள் அத்தனை பேரும் கஞ்சி போட்ட வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. ஆராதனை முடிந்து சர்ச்சிலிருந்து நேராக வந்தவர்கள். ஒருவர் பைபிளை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஒற்றைக் கையால் தள்ளினார்.

பின்சீட்டில் ஒரகடம் ரைஸ்மில் தேவசகாயம் நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி கிரேஸம்மா, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, தன் மடியைப் பார்த்தபடி இருந்தார். இரண்டு பேரும் இறங்கியிருந்தால் தள்ளுகிறவர்களுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். மில்காரர் நடுரோட்டில் இறங்குகிற ஆள் இல்லை. அவர் இறங்காததால் அம்மாவும் இறங்கவில்லை.

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த டிரைவர் முனுசாமி மட்டும் வேர்த்து நனைந்திருந்தார். கதவைத் திறந்து என்னிடம் வந்தவர், குரலைத் தாழ்த்தி, "மறுபடியும் பூட்ச்சு அண்ணாத்தே. நீ ஏத்திக் குடுத்து ரெண்டு வாரங்கூட ஆவல" என்றார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. அந்த பாட்டரியை ராப்பகலாகச் சார்ஜில் போட்டு, நிரப்பிக் கொடுத்தவன் நான்தான்.

'பாட்டரி வீக்'

ஸ்ரீபெரும்புதூரில் பெங்களூர் ரோட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகையில் நான் பாட்டரிக் கடை நடத்திய காலத்தைச் சொல்லிக்கொண்டு வருகிறேன். எழுபதுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷம் கேட்டு மல்லுக்கு நிற்காதீர்கள்.

அந்தக் காலத்தில் என்னை எரிச்சல் மூட்ட யாரும் பெரிய முயற்சி எதுவும் செய்ய வேண்டியதில்லை. கடைக்குள் வந்து "பாட்டரி வீக்குன்னு நினைக்கிறேன்" என்று சொன்னால் போதும். வண்டி கிளம்பாவிட்டால் அது பாட்டரி வீக். விளக்கு மங்கினால் பாட்டரி வீக். ஒருமுறை ஒரு லாரிக்காரர் டீசலே இல்லாத வண்டியைக் கட்டி இழுத்துவந்து, பாட்டரி வீக் என்று சொன்னார். டாங்கில் குச்சியை விட்டுக் காட்டினேன். அதற்குப் பிறகும் அவர் முழுசாக நம்பவில்லை.

சென்னையில் ஒரு பெரிய பணிமனையில் எலக்ட்ரிக்கல் பிரிவில் பல வருஷம் இருந்துவிட்டு, மேஸ்திரியோடு வாய்த்தகராறு ஆகி வெளியே வந்தவன் நான். தகராறு எதைப் பற்றி என்று இந்தத் தொடரிலேயே சில வாரங்களுக்கு முன்னால் எழுதிவிட்டேன். சொந்தக் கடை வைத்தபோது எனக்கு இருந்த சொத்து ஒரு சார்ஜர், ஒரு ஹைட்ரோமீட்டர், ஒயர் சுற்றிய ஒரு டெஸ்ட் பல்பு, அப்புறம் என் வாய். ஹைட்ரோமீட்டர் என்பது பாட்டரியின் அமிலத்தை உறிஞ்சிப் பார்க்கும் கண்ணாடிக் குழாய். உள்ளே ஒரு மிதவை இருக்கும். அது மேலே நின்றால் பாட்டரி நிறைந்திருக்கிறது, அமுங்கினால் காலி.

அந்த அமிலம் சொட்டிச் சொட்டி என் வேட்டிகள் எல்லாம் ஓட்டை. "உங்க வேட்டியில மாவு சலிக்கலாம்" என்பாள் என் மனைவி. ஒரு தீபாவளிக்கு எடுத்த புது வேட்டியைப் பொங்கலுக்குள் சலிக்கிற பதத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். அதிலிருந்து கடைக்கு என்று அவளே கோணிச்சாக்கில் ஒரு முன்கட்டு தைத்துக் கொடுத்தாள். அதைக் கட்டிக்கொண்டு நின்றால் பார்க்கிறவர்கள் என்னை மூட்டை தூக்குகிறவன் என்று நினைத்தார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. பாட்டரி வீக் என்று சொல்லாமல் இருந்தால் சரி.

மில்காரர் வீட்டுக் கார்

தேவசகாயத்தின் கார் ஐம்பதுகளில் வந்த வண்டி. உருண்டை முன்விளக்கு, தடித்த பம்பர், உள்ளே மரப்பலகை போட்ட டேஷ்போர்டு. ஒரகடம் சுற்று வட்டாரத்தில் அப்போது கார் வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். யார் வீட்டுக் கல்யாணம் ஆனாலும் மாப்பிள்ளை அழைப்புக்கு அந்தக் காரைத்தான் கேட்பார்கள். இந்து, கிறிஸ்தவர் என்று பார்க்காமல் மில்காரர் கொடுத்துவிடுவார். முனுசாமி முகப்பில் பூச்சரம் கட்டிக்கொண்டு போவார்.

அந்த வீட்டில் ஒரு பையன் இருந்தான். ராஜன். ஒரே பிள்ளை. காலேஜ் முடித்துவிட்டு மில்லைப் பார்த்துக்கொண்டிருந்தான். நல்ல உயரம், எப்போதும் சிரித்த முகம். பொங்கல் கழிந்த வாரத்தில், சிநேகிதனுடைய மோட்டார் சைக்கிளை வாங்கிக்கொண்டு பெங்களூர் ஹைரோட்டில் போனவன், இருங்காட்டுக்கோட்டை தாண்டி ஒரு புளியமரத்தடியில் லாரியில் மோதிச் செத்துப்போனான்.

அன்றைக்குக் கார் சாவியை அப்பா எடுத்து வைத்துக்கொண்டார், அதனால்தான் அவன் இரவல் வண்டியில் போனான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். உண்மையா என்று எனக்குத் தெரியாது. யாரும் போய்க் கேட்கக்கூடிய கேள்வியும் இல்லை.

அதற்கப்புறம் அந்த வீட்டில் பையனுடைய பெயரை யாரும் சொல்வதில்லை. அவர்கள் யாரையும் கேட்டுக்கொள்ளவில்லை, ஊரே தானாகச் செய்துகொண்ட ஏற்பாடு இது. சர்ச்சில் பாதிரி ஐயரும் சொல்ல மாட்டார், மில்லில் கூலியாட்களும் சொல்ல மாட்டார்கள். எதையாவது முன்பின் குறித்துச் சொல்ல வேண்டி வந்தால் 'பொங்கலுக்கு முன்னாடி', 'பொங்கலுக்கு அப்புறம்' என்பார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். நல்ல எண்ணத்தில்தான் எல்லோரும் அப்படிச் செய்தோம். ஒரு பாட்டரியின் கோளாறைக் கண்டுபிடிக்க அது இவ்வளவு இடைஞ்சலாக இருக்கும் என்று யாருக்குத் தெரியும்.

விளக்கைப் போட்டு செல்ஃப் அடி

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். மில்காரரையும் அம்மாவையும் எதிர் டீக்கடையில் பெஞ்சைத் துடைத்து உட்கார வைத்தேன். வெள்ளை வேட்டிக்காரர்கள் கலைந்து போனார்கள்.

கிளம்பாத காரில் நான் முதலில் செய்வது ஒன்றுதான். முன்விளக்கைப் போட்டுவிட்டு, இன்ஜினைச் சுற்றிவிடும் செல்ஃபை அழுத்தச் சொல்வேன். விளக்கு அப்படியே பளிச்சென்று எரிந்தால், கரண்டு செல்ஃப் மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை. விளக்கு செத்துவிட்டால், பாட்டரியில் ஒன்றும் இல்லை, அல்லது அதன் கம்பி முனையில் பிடிப்பு இல்லை. இதற்கு ஒரு கருவியும் வேண்டாம்.

"அழுத்து முனுசாமி."

டக் என்று ஒரு சத்தம். விளக்கு சிவந்து அணைந்தது.

கம்பி முனைகளைக் கழற்றினேன். பச்சைப் பூப்பு எதுவும் இல்லை, நான் தடவிய வாஸ்லைன் அப்படியே இருந்தது. எர்த் பட்டை இறுக்கமாக இருந்தது. ஹைட்ரோமீட்டரை ஒவ்வொரு அறையாக விட்டுப் பார்த்தேன். ஆறு அறையிலும் மிதவை ஒரே அளவுக்கு அமுங்கியது. பாட்டரி கெட்டிருந்தால் ஒரு அறை மட்டும் காலை வாரும், மற்றவை நன்றாக இருக்கும். இங்கே ஆறும் ஒன்றுபோல வற்றியிருந்தன. அதற்கு நோய் இல்லை. பட்டினி.

பட்டினி என்றால் இரண்டு வழி. சோறு போடுகிறவன் போடவில்லை, அல்லது யாரோ திருடித் தின்கிறான். திருட்டைக் கண்டுபிடிக்க, எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கம்பியின் முனையை பாட்டரியில் தட்டிப் பார்ப்பேன். எங்காவது ஒயர் கசிந்தால் சின்னதாகப் பொறி பறக்கும். தட்டினேன். பறக்கவில்லை.

சோறு போடுகிறவன் டைனமோ. இன்ஜின் சுற்றும்போது பெல்ட்டில் அதுவும் சுற்றி, கரண்டு உண்டாக்கி பாட்டரிக்கு அனுப்பும். வேறு பாட்டரி வைத்துக் காரைக் கிளப்பி, ஆக்ஸிலேட்டரை மிதிக்கச் சொன்னேன். டேஷ்போர்டில், பாட்டரிக்குக் கரண்டு ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும் ஆம்ஸ் மீட்டரின் முள் நடுவிலிருந்து வலது பக்கம், ஏறுமுகத்துக்குப் போய் நின்றது. ஒரு குறையும் இல்லை. டைனமோவையும் பாட்டரியையும் இணைக்கிற கட்-அவுட் பெட்டியைத் திறந்து பாயின்ட்டுகளைத் தேய்த்தேன். அதிலும் குறை சொல்ல முடியவில்லை.

"உன் ஷெட்டுல ராஜா மாதிரி கீது" என்றார் முனுசாமி. "வூட்டுக்குப் போனா சாவுது. இன்னாத்த பண்றது?"

"எப்பலேர்ந்து இப்படி?"

"பொங்கலுக்கு அப்புறமாத்தான். அதுக்கு முன்னாடி இந்த பாட்டரியத் தொட்டதே இல்ல."

பொங்கலுக்கு அப்புறம் என்று சொன்னதும், நான் மேற்கொண்டு கேட்காமல் வாயை மூடிக்கொண்டேன்.

முனுசாமிக்கு வந்த கெடு

மில்காரர் டீயைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தார். ஆறி ஆடை படிந்திருந்தது.

"எத்திராஜு, உனக்கு ஒண்ணும் கிடைக்கலைல்ல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

"வண்டியில கோளாறு தெரியலைங்க."

"வண்டியில இல்லைன்னா ஆளுலதான் கோளாறு. நாங்க தூங்கினப்புறம் இவன் வண்டிய எடுத்துக்கிட்டுப் போறான். சவாரி அடிக்கிறான். லைட்டப் போட்டுக்கிட்டு எங்கயாவது நிறுத்தி வெக்கிறான். வேற எப்படிக் காலியாகும்? மாசக் கடைசி வரைக்கும் பார்ப்பேன். சரியாகலைன்னா அவன் வேற எடம் பார்த்துக்கட்டும்."

முனுசாமி காதுபடத்தான் சொன்னார். கிரேஸம்மா, "ஏங்க" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

இடம் என்றால் வேலை மட்டும் இல்லை. முனுசாமி குடியிருந்ததே மில்லுக்குப் பின்னால் இருந்த அறையில்தான். அவர் மனைவி அந்த மில்லிலேயே அரிசி புடைத்தாள். மூன்று பிள்ளைகளும் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தார்கள். ஒரு பாட்டரி சரியாகாவிட்டால் ஐந்து பேர் தட்டுமுட்டுச் சாமானோடு ரோட்டுக்கு வர வேண்டும்.

அவர்கள் வேறு பாட்டரியோடு கிளம்பும்போது முனுசாமி என் பக்கம் குனிந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. "இந்தக் கையால அந்தப் புள்ளைக்கு ஸ்டியரிங் புடிக்கக் கத்துக் குடுத்தேன் அண்ணாத்தே. என்னப் போயி திருடன்றாரு."

அந்த மனுஷன் சவாரி அடிக்கிறவர் இல்லை என்பது எனக்கு உள்ளங்கை நெல்லிக்கனி போலத் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? மில்காரரிடம் காட்டுவதற்கு என் கையில் ஒன்றும் இல்லையே.

முன்சீட்டில் ஒரு பிரயாணம்

கார் ஷெட்டில் நன்றாக இருக்கிறது, வீட்டில் சாகிறது. அப்படியானால் ஷெட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டியதுதானே. அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும், முதல் பஸ்ஸைப் பிடித்து ஒரகடம் போனேன். என் பெஞ்சில் இராத்திரி முழுக்கச் சார்ஜில் போட்ட அவர்கள் பாட்டரியையும் சாக்கில் கட்டி எடுத்துப் போனேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர், அதற்குள் என்ன கோழியா என்று கேட்டார்.

பாட்டரியை மாட்டினோம். செல்ஃப் தொட்டதும் கிளம்பியது. "நானும் கூட வரேங்க, ஆம்ஸ் மீட்டரைப் பார்க்கணும்" என்று மில்காரரிடம் கேட்டு முன்சீட்டில் உட்கார்ந்தேன்.

கார் மில் கேட்டைத் தாண்டியது. முனுசாமி ஒன்று, இரண்டு என்று கியரை மாற்றி, வண்டி உருள ஆரம்பிப்பதற்குள் டாப்புக்குப் போய்விட்டார். இன்ஜின் இருமியது.

"ஏன்யா இவ்வளவு சீக்கிரம் டாப்புக்குப் போற?"

முனுசாமி பின்பக்கம் கண்ணைக் காட்டினார். பின்னாலிருந்து மில்காரர் பதில் சொன்னார். "கீழ் கியர்ல இன்ஜின் கத்துது. அந்தச் சத்தம் எனக்கு ஆகாது."

ஸ்பீடோமீட்டரைப் பார்த்தேன். பதினைந்து மைல். மாத்தூர் தாண்டியும் பதினைந்து. சைக்கிளில் பால் கேன் கட்டிக்கொண்டு போன ஒருவர் எங்களைத் தாண்டிப் போனார். போகிற போக்கில் முனுசாமிக்கு ஒரு வணக்கம் வேறு வைத்தார்.

எதிரே செங்கல் லாரி ஒன்று வந்தது. "ஓரங்கட்டு" என்றார் மில்காரர். கார் மண்ணில் இறங்கி நின்றது. "ஆஃப் பண்ணு. பெட்ரோல் சும்மா எதுக்கு எரியணும்?" இன்ஜின் நின்றது. லாரி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. திரும்பிப் பார்த்தேன். மில்காரர் கண்ணை மூடியிருந்தார், கிரேஸம்மாவின் கை அவர் கைமேல் இருந்தது. பிறகு மறுபடி செல்ஃப், மறுபடி டாப் கியர், மறுபடி பதினைந்து மைல். வல்லம் வருவதற்குள் இன்னொரு லாரி. அப்புறம் ஒரு பஸ். அதற்கும் ஓரங்கட்டி, ஆஃப் பண்ணி, செல்ஃப் அடித்தோம்.

நான் முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தேன். இன்ஜின் நன்றாகச் சுற்றினால் அது வலது பக்கம் போக வேண்டும். போகவில்லை. நடுக்கோட்டுக்கு இடது பக்கமாக, மயிரிழை தள்ளி, இறங்குமுகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. செல்ஃப் அடிக்கும்போதெல்லாம் பாட்டரியிலிருந்து ஒரு பெரிய வாய் போகிறது. ஓடும்போது ஒரு பருக்கைகூடத் திரும்பி வரவில்லை.

முள் எனக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. இதைப் பின்சீட்டுக்கு எப்படிச் சொல்வது என்று மட்டும் அது சொல்லவில்லை. ஸ்ரீபெரும்புதூர் சர்ச் வாசலில் அவர்கள் இறங்கிப் போன பிறகு, வேப்பமரத்தடியில் நின்று பாட்டுச் சத்தத்தைக் கேட்டபடி யோசித்தேன். பேசாமல் இன்னொரு பாட்டரியைத் தலையில் கட்டிவிட்டுக் காலத்தை ஓட்டலாமா என்றுகூடத் தோன்றியது. முனுசாமி ஒரு துணியை எடுத்துக் கார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

பெயரைச் சொன்னவர்

ஆராதனை முடிந்து கிளம்பும்போது செல்ஃப் இழுத்து இழுத்துத்தான் சுற்றியது. காரை என் கடைக்கு விடச் சொன்னேன். இன்ஜினை அணைக்காமல், மில்காரரை டிரைவர் சீட்டுப் பக்கம் வரச் சொல்லி, கதவைத் திறந்து முள்ளைக் காட்டினேன்.

"இது நீங்க வர்ற வேகம்" என்று முனுசாமியை மெல்ல மிதிக்கச் சொன்னேன். முள் இடது பக்கம் நின்றது. "இன்னும் மிதி." இன்ஜின் இரைந்தது. முள் நடுவைத் தாண்டி வலது பக்கம் சாய்ந்தது.

"அதே டைனமோ, அதே பாட்டரி, அதே பெல்ட்டுங்க."

மில்காரர் குனிந்து முள்ளைப் பார்த்தார். மில் நடத்துகிற மனுஷனுக்கு பெல்ட்டைப் பற்றி நான் பாடம் நடத்த வேண்டியதில்லை. "வேகம் பத்தலைன்னா ஹல்லர்ல உமி போகாது, நெல்லு நெல்லாவே விழும்" என்றார். "அதேதானா?"

"அதேதாங்க. முனுசாமி ராத்திரி சவாரி அடிச்சிருந்தா உங்க பாட்டரிக்கு இந்த கதி வந்திருக்காது. ஓடியிருந்தா ஏறியிருக்கும். வேகமா ஓடாமத்தான் இது பட்டினி கெடக்குது."

முனுசாமி ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்சீட்டிலிருந்து கிரேஸம்மா இறங்கி வந்தார். "நாம எப்பவுமே மெதுவாத்தானே போவோம். ஸ்பீடுன்னா உங்களுக்கு முன்னாடியே ஆகாதே" என்றார் கணவரிடம். பிறகு என்னைப் பார்த்து, "பொங்கலுக்கு முன்னாடி இதே காருதானே எத்திராஜு? அப்ப மட்டும் எப்படி ஓடிச்சு?" என்று கேட்டார்.

எனக்கு பதில் தெரியும். அந்த நிமிஷம்தான் தெரிந்தது. சாயங்காலம் ஆனால் அந்தக் கறுப்புக் கார் என் கடையைத் தாண்டிப் பூந்தமல்லிப் பக்கம் பறக்கும். இருட்டுவதற்குள் அதே வேகத்தில் திரும்பும். கதவுக்கு வெளியே ஒரு முழங்கை நீட்டிக்கொண்டிருக்கும். எத்தனை நாள் பார்த்திருக்கிறேன். நான் முனுசாமியைப் பார்த்தேன். முனுசாமி என்னைப் பார்த்தார்.

கிரேஸம்மாவே சொன்னார்.

"ராஜன் எடுத்துக்கிட்டுப் போவான். தெனம் சாயங்காலம்."

மாசக்கணக்காக யாரும் உச்சரிக்காத பெயர். மில்காரர் காரின் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"பெட்ரோலைக் கரைக்கிறான்னு நான் கத்துவேன்" என்றார், யாரிடம் என்றில்லாமல். பிறகு என்னிடம், "என்ன வேகம் போவான்?"

"நாப்பது, நாப்பத்தஞ்சு. இந்த வழியாத்தானே போவாரு."

"அது எல்லாம் இதுலதான் ஏறிச்சா?"

"ஏறிச்சுங்க. மறுநாள் காலைல நீங்க செல்ஃப் அடிச்சுக் கெளம்பினது, அவரு ஏத்தி வெச்சதுலதான்."

கிரேஸம்மா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பொங்கலுக்குப் பிறகு அவர் பலர் முன்னால் அழுதது அதுதான் முதல் தடவை என்று முனுசாமி பின்னால் சொன்னார். மில்காரர் அழவில்லை. டேஷ்போர்டில் அந்தச் சின்ன மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹைரோடு

மில்காரர் என் பக்கம் திரும்பிக் கேட்டார், "இப்ப என்ன பண்ணணும்?"

"வாரத்துல ரெண்டு மூணு நாள், அரை மணி நேரம் முப்பத்தஞ்சு மைல்ல ஓட்டணுங்க. ஒரகடம் ரோட்டுல ஆகாது, பூரா குழி. ஹைரோட்டுலதான் முடியும்."

ஹைரோடு என்றதும் அவர் முகம் மாறியது. ஆனால் தலையை ஆட்டினார். முனுசாமி பக்கம் திரும்பி, "நாளைலேர்ந்து சாயங்காலம் நீ எடுத்துக்கிட்டுப் போய் ஓட்டிக்கிட்டு வா" என்றார். அவர் மன்னிப்பு கேட்கிற விதம் அது. அதற்கு மேல் அவருக்குத் தெரியாது.

முனுசாமி இன்ஜினை அணைத்துவிட்டுக் காரிலிருந்து இறங்கினார். சாவியை எடுத்து இன்ஜின் பானட் மேல் வைத்தார்.

"மாட்டேன் மொதலாளி."

"என்னடா?"

"தனியா வண்டிய எடுத்தேன்னுதான என்ன வெளிய போவச் சொன்னீங்க. இனிமே தனியா இந்தச் சாவியத் தொட மாட்டேன். நாளைக்கு இன்னொண்ணு கெட்டாலும் பழி எம்மேலதான வுயும். நீங்க கூட ஒக்காந்து வந்தா ஓட்றேன். இல்லாங்காட்டி மாசக் கடசி வரைக்கும் எதுக்கு, இன்னிக்கே சாமானத் தூக்கிக்கினு பூட்றேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிழைக்க வழி கிடைத்த நேரத்தில் இந்த ஆள் கோணல் வழி பிடிக்கிறாரே என்று பதறினேன். கையைக் காட்டி அடக்கப் பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

மில்காரர் பானட் மேல் இருந்த சாவியைப் பார்த்தார். ரோட்டைப் பார்த்தார். ஒரு லாரி பெங்களூர்ப் பக்கம் போனது. அவர் சாவியை எடுத்து முனுசாமியின் கையில் வைத்துவிட்டு, சுற்றிக்கொண்டு போய் முன்சீட்டில் உட்கார்ந்தார். கிரேஸம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்னால் ஏறினார். "நீயும் வா எத்திராஜு" என்றார். கடையைத் திறந்துபோட்டபடி ஏறிக்கொண்டேன்.

செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றிக் கிளம்பியது, சென்னைப் பக்கம் திரும்பினோம். இருபதில் மில்காரர் டேஷ்போர்டைப் பிடித்தார். இருபத்தைந்தில் கண்ணை மூடிக்கொண்டார். எதிரே லாரி வந்தது. முனுசாமி நிறுத்தவில்லை, ஒதுங்கி வழி விட்டுக்கொண்டே போனார். லாரி கடந்தபோது கார் ஒரு ஆட்டம் ஆடியது. மில்காரரின் வாய் முணுமுணுத்தது. ஜெபம் பண்ணினார் என்று நினைக்கிறேன். முப்பதில் முள் நடுவைத் தாண்டியது. பின்சீட்டிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏறுதும்மா" என்று கிரேஸம்மாவிடம் மெதுவாகச் சொன்னேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

இருங்காட்டுக்கோட்டையும் தாண்டியது. தூரத்தில் அந்தப் புளியமரம் தெரிந்தது. முனுசாமி ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். இன்ஜின் சத்தம் தணிந்தது, முள் சரிந்து நடுவுக்கு வந்தது.

"ஏன் கொறைக்கிற?" என்றார் மில்காரர், கண்ணைத் திறக்காமல்.

"மொதலாளி... அந்த எடம் வருது."

"தெரியுது. அவன் இங்கல்லாம் கொறைச்சிருக்க மாட்டான். போ."

முனுசாமி மிதித்தார்.